பனையோலை எந்த மலையில் கிடைத்தது

ஹனோய்
2 ஏப்ரல் 1993

அன்புள்ள தியெப் அண்ணாவுக்கு,

இருமலைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் முதுகுவலியும் அண்ணியின் பல்வலியும் எப்படி இருக்கின்றன? மூன்றாம் மாதம் மூன்றாம் நாள் அம்மா அப்பா கல்லறையில் புல் வெட்ட இந்த வருடமும் நான் வரவில்லை. ஐந்து நிறச் சோறு எனக்கும் சேர்த்து நீயே சாப்பிட்டிருப்பாய், எனக்குத் தெரியும்.

"செத்த இலையப் பாத்து வெயிலு மழை சொல்றியாமே, நீ என்ன குறிகாரியா?" என்று போன முறை கேட்டாய். குறியெல்லாம் இல்லை. நம் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் அன்னாசிப்பூ மரத்தின் இலையைத் தொட்டுப் பார். ஓரம் வழுவழுப்பாக இருக்கும். குளிர் நாட்டு மரங்களில் பாதிக்கு மேல் இலை ஓரம் ரம்பம் மாதிரிப் பல் பல்லாக இருக்கும். ஒரே அடுக்குக் கல்லில் கிடைக்கும் இலைகளை வகை பிரித்து, நூற்றுக்கு எத்தனை வகை வழுவழு என்று எண்ணினால், அந்தக் காலத்தில் அந்த நிலம் எவ்வளவு சூடாக இருந்தது என்று சொல்லிவிடலாம். கல்லில் இருப்பது கோடிக்கணக்கான வருடத்துக்கு முந்தைய இலை. அந்தக் காட்டைப் பார்த்தவர் யாரும் இல்லை, இலைதான் சாட்சி.

நீ வேலை பார்க்கும் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே இரண்டாவதாக வரும் சாம்பல் நிற அடுக்கு இருக்கிறதே, அதில் இலைக்கல் கிடைத்தால் எடுத்து வை. வேறு அடுக்குக் கல் ஒன்றுகூடச் சேரக் கூடாது. அடுக்கு மாறினால் காலம் மாறிவிடும், கணக்கே நாசம். ஒவ்வொரு கல்லின் முதுகிலும் எந்த அடுக்கு என்று எழுது. என் பட்டமே இதில்தான் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு முத்தம்.
குயென்


பான் லூங்
21 ஏப்ரல் 1993

தங்கச்சி குயெனுக்கு,

என் முதுகு நன்றாக இருக்கிறது, அதாவது வலிக்கிறது. சென்னுக்குப் பல்லைப் பிடுங்கியாயிற்று. இப்போது திட்டும்போது காற்று வருகிறது, எனக்குச் சிரிப்பு வருகிறது, அதற்கும் திட்டு விழுகிறது.

மலைப்பாதை பஸ் டிரைவரிடம் இரண்டு கூடை கொடுத்தனுப்பியிருக்கிறேன். நீ சொன்னபடி எல்லாவற்றிலும் 'நிலக்கரிக்கு மேல் இரண்டாம் அடுக்கு' என்று எழுதியிருக்கிறேன். கரி ஏற்றும்போது கண் இலைமேல் போய்விடுகிறது. மேஸ்திரி கத்துகிறான். "ஏன்டா தியெப், லாரியில ஏத்தச் சொன்னது கரிய. நீ இலை பொறுக்குற. வீட்டுல ஆடு எதுவும் பட்டினி கிடக்குதா?" நான் சொன்னேன், "ஆடு இல்ல மேஸ்திரி, ஹனோய்ல ஒரு தங்கச்சி இருக்கா, அவதான் இத மேயுறா." லாரியிலிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

அழகான இலையாகப் பார்த்துத்தான் அனுப்பியிருக்கிறேன். கிழிந்த இலையை அனுப்பினால் உன் பேராசிரியர் என்ன நினைப்பார்? புத்தகத்தில் போடும்போது ஓரத்தில் என் பெயரையும் போடுவார்களா? சும்மா கேட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணன் தியெப்


ஹனோய்
9 ஜூன் 1993

அன்புள்ள அண்ணாவுக்கு,

இருமல் போய்விட்டது, வெக்கை வந்துவிட்டது. அறையில் மின்விசிறி சுற்றுவதைவிட அதிகமாகச் சத்தம் போடுகிறது. அங்கே எல்லாரும் சுகம்தானே?

கூடைகள் பத்திரமாக வந்தன. பிரித்ததும் கை, மேசை, பக்கத்து மேசைக்காரியின் வெள்ளைச் சட்டை எல்லாம் கரி. அவள் இன்னும் என்னோடு பேசவில்லை.

ஒரு சண்டை இருக்கிறது உன்னோடு. அழகான இலை எனக்கு எதற்கு? நான் என்ன கல்யாணத்துக்குப் பெண்ணா பார்க்கிறேன்? நீ அழகு பார்த்துப் பொறுக்கினால் கெட்டி இலை மட்டும் வரும், மெல்லிய இலையும் கிழிந்ததும் விட்டுப்போகும், கணக்குச் சாயும். கையில் அகப்படுவதையெல்லாம் போடு.

இதுவரை இருபத்தோரு வகை பிரித்திருக்கிறேன். பாதிக்குப் பல் இருக்கிறது. அப்படியென்றால் அந்தக் காலத்தில் நம் ஊர் நல்ல குளிர். "இது போதாதும்மா, கல்லு இன்னும் வேணும். உங்க ஆளு மே மாசம் பூரா தூங்கிட்டாரா?" என்கிறார் என் பேராசிரியர் துவாங் சார். நானும் அதையேதான் கேட்கிறேன். மே மாதம் ஏன் ஒன்றும் வரவில்லை?

அண்ணிக்கு என் அன்பு.
குயென்


பான் லூங்
17 ஆகஸ்ட் 1993

தங்கச்சிக்கு,

எல்லாரும் சுகம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. காலையில் போட்ட சட்டை மத்தியானத்துக்குள் செம்மண் நிறமாகிவிடுகிறது. அதனால்தான் எழுதத் தாமதம்.

மே மாதம் கொஞ்சம் வேலை மாறி இருந்தது, அவ்வளவுதான். இப்போது மூன்று கூடை வருகிறது. கிழிசல், ஓட்டை எல்லாம் சேர்த்தே போட்டிருக்கிறேன். கல்லை ஓடையில் கழுவித்தான் அனுப்புகிறேன். இனி உன் பக்கத்து மேசைக்காரி பேசுவாள். எல்லாம் அதே இரண்டாம் அடுக்குதான்.

மூன்றாவது கூடையின் அடியில் வைக்கோல் சுற்றி ஒன்று இருக்கிறது. மெதுவாகப் பிரி. விசிறி மாதிரி விரிந்த பெரிய ஓலை. நம் வீட்டுக் கூரைக்கு வேய்கிற ஓலை மாதிரியே இருக்கிறது. அதை உடையாமல் எடுக்க ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தேன். சென் வந்து பார்த்துவிட்டு, "பொண்டாட்டிக்குப் பிரசவம் பாத்தப்பகூட இப்புடி உக்காந்திருக்கல நீ" என்றாள்.

பெயர் போடுவார்களா என்று கேட்டிருந்தேனே, அதற்கு நீ பதில் எழுதவில்லை. பரவாயில்லை.

அண்ணன்


ஹனோய்
24 அக்டோபர் 1993

என் தங்க அண்ணாவுக்கு,

சுகமா, சுகமா, சுகமா? நான் தரையில் நடக்கவில்லை. அந்த ஓலை பனை, அண்ணா! பனைக் குடும்பம்! பனைக்குக் கடும் உறைபனி ஆகாது. பனை நின்ற காட்டில் குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்திருக்க முடியாது. நீ அனுப்பிய புதுக் கற்களையும் சேர்த்து எண்ணினால் நான்கில் மூன்று பங்கு வகை வழுவழு. முதல் கூடைகளை மட்டும் வைத்து நான் குளிர் என்று சொன்னது அவசரம். கல் போதாததால் வந்த தப்பு என்று சார் சொல்லிவிட்டார்.

போன வாரம் பெரிய கூட்டத்தில் நான் பேசினேன். பனைக்கல்லை மேசையில் வைத்துவிட்டுப் பேசினேன். முன் வரிசையில் ஒரு கிழவர் எழுந்து வந்து அதைக் கையால் தடவிப் பார்த்தார். சார் எல்லாரிடமும், "உறைபனியே இல்லாத வடக்கு! நம்ம பொண்ணு கண்டுபிடிச்சது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். கட்டுரை அச்சுக்குப் போயாயிற்று. மேற்படிப்புக்கு ஜப்பான் போக எங்களில் ஒருவருக்குத்தான் இடம். அது எனக்கென்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது.

உன் கை தங்கக் கை. கல் இன்னும் அனுப்பு. தெத் புத்தாண்டுப் பண்டிகைக்கு வரப் பார்க்கிறேன்.

குயென்


பான் லூங்
20 நவம்பர் 1993

குயெனுக்கு சென் அண்ணி எழுதுவது.

சுகம். நீயும் சுகமாக இரு. எனக்கு எழுத்து வராது, பொறுத்துக்கொள். உன் அண்ணனுக்குத் தெரியாமல் எழுதுகிறேன், நீயும் காட்டிக்கொள்ளாதே.

இனிமேல் கல் கேட்காதே தங்கச்சி. உன்மேல் கோபம் இல்லை. அவருக்கு மே மாதத்திலிருந்து சுரங்கத்தில் வேலை இல்லை. லாரி வரிசையில் நிற்க, இவர் குனிந்து உன் இலைக்கல்லை எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். பின்னால் வந்த லாரி பிரேக் போட்டுப் பக்கத்துப் பள்ளத்தில் சாய்ந்துவிட்டது. ஆளுக்கு ஒன்றும் இல்லை. மேஸ்திரி கேட்டான், "உனக்கு வேல முக்கியமா, கல்லு முக்கியமா?" அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள்.

இப்போது எல்லைச் சாலைக்கு மலை வெட்டும் இடத்தில் கல் உடைக்கிறார். அங்கேயும் விடுவதில்லை. மற்றவர்கள் சாப்பிட உட்காரும்போது இவர் உனக்கு இலை தேடுகிறார். "தங்கச்சிகிட்ட சொல்லிடுய்யா"ன்னு சொன்னேன். "அவ மனசு ஒடைஞ்சு படிப்ப விட்டுருவா, நீ வாய மூடு" என்றார். முதுகு ரொம்ப மோசம்.

பனைக்கல்லும் அங்கே எடுத்ததுதான். நீ சந்தோஷப்பட்டு எழுதியதை ஊரில் எல்லாருக்கும் படித்துக் காட்டினார். அவருக்கு அந்தச் சந்தோஷம் போதும். இனி கேட்காதே.

சென்


பான் லூங்
16 ஜனவரி 1994

தங்கச்சி குயெனுக்கு,

நலமா? அக்டோபருக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. இரண்டு கடிதம் போட்டேன். தபால்காரன் என்னைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஓடுகிறான்.

நாங்கள் சுகம். சுரங்க வேலை எப்போதும் போல. தெத்துக்கு வருகிறாயா? பன்றியை ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து வாங்கியிருக்கிறோம். பான் சுங் சோற்றுக்கட்டி சுற்ற இலை வெட்டி வைத்திருக்கிறேன். கட்டுரை அச்சாகிவிட்டதா? ஒரு பிரதி கொண்டு வா. எனக்குப் புரியாவிட்டால் என்ன, பெயர் படிக்கத் தெரியுமே.

நீ ஜப்பான் போகப்போகிறாய் என்று பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்லிவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

அண்ணன்


ஹனோய்
19 பிப்ரவரி 1994

அண்ணா,

பனையோலை எந்த மலையில் கிடைத்தது? ஆகஸ்டில் வந்த மூன்று கூடையும் எங்கே எடுத்தவை?

உண்மையை எழுது. வேறு எதுவும் எழுதாதே.

குயென்


பான் லூங்
28 பிப்ரவரி 1994

தங்கச்சி,

உன் கடிதம் வந்து ஐந்து நாள் சட்டைப் பையிலேயே கிடந்தது. சுகம் விசாரிக்காமல் நீ எழுதிய முதல் கடிதம் இது. எனக்கு வேண்டியதுதான்.

மூன்று கூடையும் பனையும் சாலைக்கு மலை வெட்டும் இடத்தில் எடுத்தவை. சுரங்கத்திலிருந்து கிழக்கே நான்கு கிலோமீட்டர். மே மாதத்திலிருந்து நான் சுரங்கத்தில் இல்லை.

'ஒரே மலைத்தொடர்தானே, கல்லு கல்லுதானே என்று நினைத்தேன், நான் என்ன படித்தவனா' என்று எழுதலாம் என்றுதான் இரண்டு தாள் கிழித்தேன். அது பொய். அடுக்கு மாறினால் கணக்கு நாசம் என்று நீ முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாய். தெரிந்துதான் எழுதினேன். வேலை போனதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. கல்லின் முதுகில் 'நிலக்கரிக்கு மேல் இரண்டாம் அடுக்கு' என்று எழுதும் நேரம் மட்டும் நான் இன்னும் சுரங்கத்து ஆள் மாதிரி இருந்தது. ஒரு கல்லில் எழுதியபின் அடுத்த கல்லில் எப்படி மாற்றி எழுதுவது? நீ பனை பனை என்று குதித்து எழுதியபோதுதான் செய்தது எவ்வளவு பெரிய தப்பு என்று உறைத்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஊருக்கெல்லாம் படித்துக் காட்டிவிட்டு வந்து படுத்தேன், தூக்கம் வரவில்லை.

உன் சார் முன்னால் வந்து நின்று நான்தான் செய்தேன் என்று சொல்கிறேன். என் முகத்தில் கரி பூசினால் பழக்கப்பட்ட முகம்தான். உன் முகத்தில் பட வேண்டாம்.

தியெப்


ஹனோய்
15 மார்ச் 1994

அண்ணாவுக்கு,

முதுகு எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் கேட்காமல் விட்டதற்கும் சேர்த்துக் கேட்கிறேன்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். கல் வந்த இடம் தவறு என்று ஒரு வரி அச்சில் வரும். சார் கோபத்தில் சில நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜப்பான் இடம் பக்கத்து மேசைக்காரிக்குப் போகிறது. சுரங்கத்துக் கல் சொன்னபடி நம் ஊர் அப்போது குளிர்தான். உன் பனை வேறு ஒரு காலம். அது எந்தக் காலம் என்று தெரிய வேண்டுமானால் அது கிடந்த இடத்தைப் பார்க்க வேண்டும். சாலை போட்டுச் சுவர் எழுப்பிவிட்டால் அந்த இடம் மூடிப்போகும்.

எனவே நானும் சாரும் அலுவலக ஜீப்பில் ஏப்ரல் 5ஆம் தேதி வருகிறோம். நீ இடத்தை மட்டும் காட்டினால் போதும். வேறு எதுவும் சொல்ல வேண்டாம். சாப்பாடு நம் வீட்டில். அண்ணியைத் திட்டாதே, அவள் நல்லதுக்குத்தான் எனக்கு எழுதினாள்.

இலை பொறுக்கச் சொன்னது நான். உன் வேலை போனது என்னால். இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் நான்கு மாதம் எழுதவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய்.

குயென்


ஹனோய்
7 ஏப்ரல் 1994

அண்ணா,

எல்லாரும் சுகமா என்று கேட்க வாய் கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

முதலில் வேலை விஷயம். நீ காட்டிய இடத்தில் சாலை ஓரத்து அடுக்கில் பனை இன்னும் இரண்டு துண்டு கிடைத்ததே, அந்த அடுக்கு சுரங்கத்து அடுக்கைவிட மிகப் பழையது என்கிறார் சார். முதலில் உறைபனி இல்லாத வெக்கைக் காடு, பின்னால் குளிர்ந்த காடு. இரண்டும் நம் ஊரிலேயே. "ஒரு கட்டுரை போச்சு, ரெண்டு கெடைச்சுது" என்று சொல்லிச் சிரித்தார். அதைச் சொல்ல இந்தக் கடிதம் எழுதவில்லை.

ஜீப்பிலிருந்து இறங்கியதும் நீ ஓடி வந்தாய். கல்யாணத்துக்குப் போடும் நீலச் சட்டை போட்டிருந்தாய், பொத்தான் கழுத்துவரை. சார் என்னிடம், "இவர் யாரு?" என்றார். நான், "நமக்குக் கல்லு எடுத்துக் குடுக்கறவர், சார்" என்றேன்.

அந்தச் சொல் வாயிலிருந்து தானாக வந்தது என்று எழுதினால் நீ நம்புவாய். நம்பாதே. நீ கல்லில் எழுதிய மாதிரி நானும் தெரிந்துதான் சொன்னேன். நான்கு வருடமாக இங்கே எல்லாரும் என் அப்பா லாங் சோன் நகரத்தில் பள்ளிக்கூட வாத்தியார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். யாரோ ஒருத்தி அப்படிக் கேட்டாள், நான் ஆமாம் என்றேன். பிறகு மாற்றவில்லை. கட்டுரையில் உன் பெயர் வந்ததா என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். 'சுரங்கத் தொழிலாளி ஒருவர் சேகரித்தது' என்றுதான் அச்சாகியிருந்தது. அதை எழுதியதும் நான்தான்.

நீ அரை நொடி என்னைப் பார்த்தாய். பிறகு சாரைப் பார்த்துக் குனிந்து கும்பிட்டு, "ஆமாங்கய்யா, கல்லு எடுக்கறவன்தான். தப்பா எழுதினதும் நான்தாங்கய்யா, மேடத்துமேல தப்பில்ல" என்றாய். அன்று முழுக்க என்னை மேடம் என்றாய். "பாத்து வாங்க மேடம், கல்லு வழுக்கும்." "இந்தப் பக்கம் நில்லுங்க மேடம், வெயில் படாது." பிறந்ததிலிருந்து நீ என்னை 'நீங்க' என்று சொன்னதே இல்லை. சார் உன்னைப் புகழ்ந்தார். "ரொம்ப மரியாதையான ஆளும்மா" என்றார்.

மத்தியானம் நீ வீட்டுக்குக் கூப்பிடவில்லை. எப்படிக் கூப்பிடுவாய்? ஜீப்பில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டோம். திரும்பும் வழியில், வளைவில் அண்ணி நின்றுகொண்டிருந்தாள். பிள்ளைகளுக்குத் தெத் சட்டை போட்டுவிட்டிருந்தாள். சின்னவன் ஜீப்பைப் பார்த்துக் கையை ஆட்டத் தூக்கினான். சாலை வெட்டும் இடத்திலிருந்து நீ அவர்களைப் பார்த்து 'போ, உள்ளே போ' என்று கையைக் காட்டுவது எனக்குப் பின் கண்ணாடியில் தெரிந்தது. அண்ணி பிள்ளையின் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். டிரைவரிடம் நிறுத்து என்று சொல்ல எனக்கு ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. லாங் சோன் தாண்டும்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தேன்.

நேற்றுக் காலை சார் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணனா? அங்கயே ஏம்மா சொல்லல?" என்றார். பிறகு, "அவரு என்ன பாத்து அவ்ளோ குனிஞ்சாரேம்மா" என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். தனியாக. அண்ணி என் முகத்தைப் பார்க்காவிட்டாலும் வருவேன். நீ வந்து பையைத் தூக்க வேண்டாம். வந்தால், பஸ் நிற்கும் சந்தையில் ஜனம் அத்தனை பேர் முன்னாலும் என்னை நீ, வா, போ என்று கூப்பிட்டுத் திட்டு. தயவுசெய்து மேடம் என்று மட்டும் சொல்லிவிடாதே.

உன் தங்கச்சி
குயென்